முதல் அலைப்பலகை: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அலைச்சறுக்கு கற்கத் தொடங்கும் பெரியவருக்கு ஏற்ற முதல் பலகை 8 முதல் 9 அடி நீளமும், 22 அங்குலத்துக்குக் குறையாத அகலமும், 3 அங்குலத்துக்கு மேற்பட்ட தடிமனும், மென்மையான மேற்பரப்பும் கொண்டது. பார்வைக்கு அது கம்பீரமாக இருக்காது. கடையில் கண்ணைப் பறிப்பது ஆறடியை ஒட்டிய கூர்மூக்குப் பலகைதான். போட்டிகளில் காண்பதும் அதுவே. ஆனால் அது தேர்ந்தவரின் கருவி. புதியவர் அதன்மேல் படுத்தாலே பாதி உடல் தண்ணீரில் அமிழும். எழுந்து நிற்பது இருக்கட்டும், காலை முழுவதும் கையால் துழாவியே களைத்துப்போவார். முதல் பலகை வாங்குவதில் அடிக்கடி நேரும் பிழை, அளவுக்கு மீறிச் சிறியதை வாங்குவது.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பழகுவதே முதல் படி. சென்னைக்குத் தெற்கே கோவளம், மாமல்லபுரம், இன்னும் கீழே புதுச்சேரி என்று பல இடங்களில் சர்ஃபிங் பள்ளிகள் இயங்குகின்றன. கோவளத்தில் சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் மீனவர் குடும்பத்து இளைஞர்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் கரையில் நின்றே சொல்லக்கூடியவர்கள். பயிற்சியோடு பலகையும் அங்கேயே கிடைக்கும். இரண்டு மூன்று நீளங்களில் மாறிமாறிப் பழகி, எதன்மேல் படுத்தால் மூக்கு புதையாமல், வால் அமுங்காமல் பலகை சமமாக மிதக்கிறது என்று கண்டுகொண்ட பிறகு பணத்தை எடுத்தால் போதும். தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டிய மே முதல் செப்டம்பர் வரை இந்தக் கரையில் அலை ஓரளவு சீராக வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமும் புயல்களும் புதியவருக்கு உரிய காலமல்ல.

அடுத்தது அளவு. பலகையின் அடிப்பக்கத்தில் நீளம், அகலம், தடிமன் மூன்றும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பல பலகைகளில் கொள்ளளவும் லிட்டரில் இருக்கும். நான்கில் முக்கியமானது கடைசி எண். பலகை எவ்வளவு எடையை மிதக்க வைக்கும் என்பதை அதுவே சொல்கிறது. கற்பவரின் எடை எத்தனை கிலோவோ, குறைந்தது அத்தனை லிட்டர் வேண்டும். அதற்கு மேலே 10, 20 லிட்டர் கூடினால் நல்லது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 80 முதல் 90 லிட்டர் பொருந்தும். போட்டி வீரர்கள் இதில் மூன்றில் ஒரு பங்குக் கொள்ளளவுள்ள பலகையிலேயே ஓடுகிறார்கள் என்பதைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். மிதப்பு கூடினால் உடல் நீருக்கு மேலே நிற்கும், இழுவை குறையும், கையால் கொஞ்சம் துழாவினாலே வேகம் கிடைக்கும். அதனால் அலை உடைவதற்கு முன்பே, அது இன்னும் சரிவாக இருக்கும்போதே, அதைப் பிடித்துவிடலாம். கரையை ஒட்டிச் சட்டென்று உடையும் அலைகளில் இந்த ஒன்றிரண்டு நொடிதான் எல்லாம். நிலையாக நிற்க உதவுவது அகலம். சிறுவர்களுக்கு 6 முதல் 7 அடிப் பலகை போதும். 85 கிலோவைத் தாண்டியவர்கள் 9 அடிக்குக் குறையாமல் பார்ப்பது நல்லது.

பொருள் என்று வந்தால் புதியவருக்கு நுரைமேற்பரப்புப் பலகையே சரி. உள்ளே தெர்மோகோல் போன்ற நுரை, நடுவே வலுவூட்டும் சட்டம், மேலே மெத்தென்ற படலம், அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் தகடு என்பது அதன் கட்டமைப்பு. விழும்போது பலகை முதலில் தேடி வருவது கற்பவரின் தலையைத்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோவளத்தில் குளிப்பவர்களின் தலைகளும் அருகிலேயே இருக்கும். ஃபைபர் கண்ணாடி பூசிய கெட்டிப் பலகை அந்த இடத்தில் ஆபத்து. மலிவான நுரைப்பலகைகளில் சில சட்டமே இல்லாமல் வருகின்றன. இரு முனைகளையும் தாங்கலில் வைத்து நடுவில் அழுத்தினால் கண்ணுக்குத் தெரிய வளையும் பலகை பெரிய அலைக்குத் தாங்காது. கெட்டிப் பலகைகளில் பாலியூரித்தேன் உள்ளீடு கொண்டது, எப்பாக்ஸி பூசியது என இரு வகை உண்டு. கலிஃபோர்னியாவின் கிளார்க் ஃபோம் நிறுவனம் பல ஆண்டுகள் அமெரிக்கப் பலகைகளில் பெரும்பகுதிக்குப் பாலியூரித்தேன் உள்ளீடு தந்துவந்தது. 2005 டிசம்பரில் அது திடீரென்று மூடப்பட்ட பிறகே எப்பாக்ஸிக்கு மவுசு கூடியது. எப்பாக்ஸி எடை குறைந்தது, எளிதில் நசுங்காது; ஆனால் இரண்டாவது பலகையாக வரட்டும்.

பழைய பலகை வாங்குவதில் தவறில்லை, சோதித்து வாங்கினால். மேற்பரப்பு முழுவதையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பொதபொதவென்று உள்வாங்கும் இடத்தில் படலம் நுரையை விட்டுப் பிரிந்திருக்கும். குறுக்கே ஓடும் மடிப்புக்கோடு, பலகை ஒருமுறை ஒடியப் பார்த்ததற்கு அடையாளம். விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். அடியில் துடுப்பு (ஃபின்) செருகும் குழியிலும் கணுக்கால் கயிறு கட்டும் குழியிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே அளவுள்ள இன்னொன்றைவிடக் கனமாக இருந்தால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. கெட்டிப் பலகையில் மஞ்சள் நிறம் மட்டும் இருந்தால் அது வெயிலின் வேலை, பெரிய குறையல்ல.

பலகைக்கு அடுத்தபடி பணம் போட வேண்டியது, அதைக் காலோடு பிணைக்கும் கணுக்கால் கயிற்றில். பலகையின் நீளமே கயிற்றின் நீளம்: 8 அடிப் பலகைக்கு 8 அடி, 7 மில்லிமீட்டர் தடிமன். குட்டைக் கயிறு பலகையை விழுந்தவர் மேலேயே இழுத்து எறியும். தொடக்கக் காலக் கயிறுகள் ரப்பர்போல இழுபட்டுத் திரும்பியவை. கலிஃபோர்னியாவில் வெட்சூட் என்ற குளிர்கடல் உடையைப் பரப்பிய ஜாக் ஓ’நீல் 1970களின் தொடக்கத்தில் இடக்கண்ணை இழந்தது அத்தகைய ஒன்றால்தான். இன்றைய யூரித்தேன் கயிறு அவ்வளவு இழுபடாது. ஆனாலும் விழுந்தவர் இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டே மேலே வர வேண்டும். கயிற்றில் கீறல் விழுந்தாலோ ஒட்டுப்பட்டை பிடிமானம் இழந்தாலோ உடனே மாற்ற வேண்டும். அறுந்த கயிற்றோடு ஓடிவரும் பலகை கரையில் நிற்கும் குழந்தைக்கும் ஆபத்து.

துடுப்புகளில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்று துடுப்பு அமைப்பே போதும். ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் 1981இல் பெல்ஸ் பீச் போட்டியை அதில் வென்ற பிறகு உலகமே அதற்கு மாறியது. வளையும் துடுப்பாக இருந்தால் காயம் குறையும். இறங்கும் முன் திருகுகளைச் சரிபார்த்தால் சரி.

கால் வழுக்காமல் பலகையில் பூசும் மெழுகில் வெப்பநிலை பார்க்க வேண்டும். தமிழகக் கடல்நீர் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால் வெப்பமண்டல வகை மட்டுமே நிற்கும். குளிர்நீர் மெழுகு இங்கே வழிந்துவிடும். அதே காரணத்தால் வெட்சூட் தேவையில்லை. ஓ’நீல் அந்த உடையைப் பரப்பியது சான்பிரான்சிஸ்கோவின் குளிர்கடலுக்காக. இங்கே வேண்டியது முழுக்கை லைக்ரா சட்டை: நெஞ்சு பலகையில் உரசிப் புண்ணாவதையும் முதுகு கருகுவதையும் அது தடுக்கும். உலோகப் பொத்தானும் ஜிப்பும் இல்லாத கால்சட்டை, முகத்துக்குத் துத்தநாகக் களிம்பு, இவ்வளவே.

வாங்கிய பலகைக்கு முதல் எதிரி வெயில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நண்பகலில் பூட்டி நிறுத்திய காருக்குள் கிடந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து படலம் உப்பிப் பிரியும். நிழல், நல்ல தண்ணீரில் ஒரு கழுவல், வெளிர்நிற உறை ஆகிய மூன்றும் பலகையின் ஆயுளைக் கூட்டும். காரின் மேலே கட்டும்போது அகலப் பட்டை வேண்டும். கயிற்றால் இறுக்கினால் விளிம்பு நசுங்கும்.

உடையாத அலையைத் தன் கைவலுவிலேயே பிடித்து, நின்று, இரு பக்கமும் திருப்பத் தெரிந்த பிறகு சிறிய பலகையைப் பற்றி எண்ணலாம். அப்போதும் ஒரேயடியாக ஆறடிக்கு இறங்காமல் ஓர் அடி குறைத்தால் போதும்.