பழைய அலுமினியப் படகில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தெமங்கோர் ஏரிக்கோ கென்யிர் ஏரிக்கோ தோமான் பிடிக்கப் போகும் நண்பர்கள் சிலர் பழைய அலுமினியப் படகைக் குறைந்த விலைக்கு வாங்கி வருவதுண்டு. "அலுமினியம் துருப்பிடிக்காது, பயமில்லை" என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். முதல் நாளே காலடியில் தண்ணீர் நிற்கும். "கொஞ்சம்தானே, அள்ளி ஊற்றிவிடலாம்" என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 20 செண்டிமீட்டர் கீழே 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே ஓர் ஓட்டை இருந்தால், மணிக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். மூன்று மணி நேரத்தில் 90 கிலோ. அழைக்காத ஆள் ஒருவர் படகில் ஏறிக்கொண்டதற்குச் சமம். அந்த ஆள் ஓரிடத்தில் உட்காரவும் மாட்டார். படகு சாயும் பக்கமெல்லாம் தண்ணீரும் ஓடும். அதனால் மூழ்கும் முன்பே படகு கவிழ்ந்துவிடலாம்.

தகட்டில் ஓட்டை விழுந்திருக்கும் என்றுதான் பலரும் தேடுகிறார்கள். ஆனால், இப்படகுகளில் தகடுகளை இணைப்பவை ரிவெட் ஆணிகள். கசிவு பெரும்பாலும் அவற்றின் ஓரத்தில்தான். அலை அடிக்கும்போதும், டிரெய்லரில் குலுங்கும்போதும் தகடுகள் இம்மியளவு அசைகின்றன. வெயிலும் தன் பங்கைச் செய்கிறது: 4 மீட்டர் நீளப் படகு 30 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்டால் ஆணியின் பிடி தளராமல் என்ன செய்யும்?

இரண்டாவது எதிரி அரிப்பு. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. ஆனால் செம்பு, பித்தளை போன்ற உலோகம் அதைத் தொட்டபடி ஈரத்தில் கிடந்தால், இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடும். அதில் கரைந்துபோவது அலுமினியம்தான். உப்புநீரில் இது இன்னும் வேகமாக நடக்கும். தூண்டில் பெட்டியிலிருந்து விழுந்த பித்தளைச் சுழலி, ஈரக் கம்பளத்துக்கு அடியில் பல மாதம் கிடந்து தகட்டில் குழி போட்டுவிடும். செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய பலகையைத் தரையாகப் போடுவதும் அதே தவறுதான்.

கசிவைக் கண்டுபிடிக்கப் படகை ஏரியில் விடவேண்டாம், நேர்மாறாகச் செய்யுங்கள். படகை டிரெய்லரில் வைத்து, அடியில் நன்றாக முட்டுக்கொடுத்து, உள்ளே சில அங்குல உயரம் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது நினைவிருக்கட்டும். நிரப்பினால் தகடு வளைந்துவிடும். பிறகு வெளியே குனிந்து, சொட்டும் இடத்தையெல்லாம் மார்க்கரால் வட்டமிடுங்கள். சொட்டு வழிந்தோடி வேறிடத்தில் விழும் என்பதால், துடைத்துத் துடைத்துப் பார்க்கவேண்டும். வடிகால் அடைப்பானைச் சுற்றியும் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடுவதுண்டு.

தளர்ந்த ரிவெட்டை இறுக்க இருவர் வேண்டும். ஒருவர் ஆணியின் ஒரு முனையில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் எதிர்முனையைச் சுத்தியலால் சிறு சிறு அடியாக அடிப்பார். இரண்டு கனங்களுக்கு நடுவே ஆணி குறுகித் தடித்து, துளையை மீண்டும் நிறைக்கும். தேய்ந்துபோன ஆணியைத் துளைத்தெடுத்து, முனை மூடிய ரிவெட்டைப் பசை தடவிப் போடலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண 'பாப்' ரிவெட்டின் நடுவே துளை இருக்கும். அதைப் போடுவது புதுக் கசிவுக்கு வழிவிடுவதுதான்.

தகட்டில் விரிசல் இருந்தால், முதலில் அதன் இரு நுனியிலும் சிறு துளை போடுங்கள். ஓட்டையை அடைக்க இன்னோர் ஓட்டையா என்று கேட்பீர்கள். விரிசலின் கூர்நுனியில்தான் விசை முழுவதும் குவிகிறது. வட்டத் துளை அதைப் பரப்பிவிடும், விரிசல் மேலே ஓடாது. அதன்பின் அலுமினியத் துண்டு ஒன்றை மேலே வைத்து, பசையுடன் ரிவெட் அடிக்கலாம்.

எப்பாக்சி தடவுகிறவர்கள் ஒட்டவில்லை என்று குறைப்படக் காரணம் முன்பு சொன்ன ஆக்சைடுதான். தேய்த்த கணமே அது மறுபடி உருவாகத் தொடங்குகிறது. எனவே அசிட்டோனால் எண்ணெய்ப் பசை நீக்கி, எப்பாக்சியைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். காற்றுப் படாத புது உலோகத்தில் பசை நேராகப் பிடித்துக்கொள்ளும். குளியலறைக்கு வாங்கிய, புளித்த வாடை வீசும் சிலிக்கோனை மட்டும் தொடாதீர்கள். அந்த வாடை அசெட்டிக் அமிலம், உலோகத்துக்கு ஆகாது. அது ஒட்டியிருந்த இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. படகுக்கென விற்கும் பாலியூரித்தேன் பசையே நல்லது.

வெல்டிங்கை அனுபவமுள்ள பட்டறைக்கு விட்டுவிடுவது என் ஆலோசனை. அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் ஆக்சைடோ 2,000 பாகையைத் தாண்டித்தான் உருகும். மேல்தோல் உருகும் முன் உள்ளே தகடு உருகி ஒழுகிவிடும். இருக்கைகளுக்கு அடியிலுள்ள மிதவை நுரையைக் கழற்றாமல் தீ வைத்தால் நச்சுப் புகை கிளம்பும். கழற்றும்போது அந்த நுரையைத் தூக்கிப் பாருங்கள்; கனத்தால் அது தண்ணீர் குடித்திருக்கிறது, மாற்றவேண்டும்.

பசை காய, உறையில் குறிப்பிட்ட நாள் வரை பொறுத்திருந்து, மறுபடி உள்ளே தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். அதிலும் தேறினால், முட்டளவு ஆழத்தில் படகை இறக்கி, இருவர் ஏறி அரைமணி நேரம் அப்படியும் இப்படியும் அசைத்துப் பாருங்கள். சில ரிவெட்டுகள் பாரம் ஏறினால்தான் கசியும்.