ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை விடலாம்

மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களின் வீட்டுக்குள் விருத்தாசலம் எப்போதோ வந்துவிட்டது. அந்தக் கட்டைகளில் ஏராளமானவை எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் செய்தவை. என் அப்பாவும் அதைத்தான் செய்தார். களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் கலந்த மாவை எஃகு டையில் போட்டு, கைப் பிரஸ்ஸை இழுத்து அழுத்தி, காயவைத்துச் சூளையில் சுடுவார்கள். அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன்.

பிறகு வீடுகளுக்குள் பியூஸுக்குப் பதில் எம்.சி.பி. சுவிட்ச் வந்தது. எரிந்த கம்பியை மாற்றிக் கட்டும் வேலை இல்லை. விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டால் போதும். பீங்கான் கட்டைக்குக் கிராக்கி குறைந்தது. எங்களைக் கெடுக்க யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதைவிட நல்லது வந்தது, அவ்வளவுதான். இதை மனசு ஒப்புக்கொண்டதும் பாதி பாரம் இறங்கியது. பழசை விட நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: எனக்கு அநியாயம் நடந்ததா, காலம் மாறியதா? இரண்டுக்கும் மருந்து வேறு.

அப்பா போன பிறகு ஷெட் என் பொறுப்புக்கு வந்தது. சுவரோரம் டைகள், பழைய அச்சுகள், விற்காத கட்டைகள் நிறைந்த சாக்குகள். பீங்கான் பொம்மையும் அகல்விளக்கும் செய்யலாம் என்று எனக்கு ஆசை. மண் கூழ் கலக்கும் தொட்டி வைக்கவே இடமில்லை. அப்பாவோடு வேலை பார்த்த மேஸ்திரியிடம் கேட்டேன்.

“எல்லாம் அப்பா கைபட்டது மாமா. எப்படி எடைக்குப் போடறது?”

“ஒவ்வொண்ணுல ஒண்ண வச்சிக்க பாப்பா. மீதி போவட்டும். அவரு டையிலயா இருக்காரு?”

இந்த ஊர்க்காரர் சொல்லக்கூடிய பதில்தான். விருத்தாசலத்தின் பழைய பெயரான திருமுதுகுன்றத்தில் சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்தது. அதை அவர் இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. ஆற்றில் போட்டதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். போடுவதற்கு முன் மாற்றுப் பார்ப்பதற்காக அதிலிருந்து ஒரு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் செல்வம் எப்படிப்பட்டது என்று காட்ட ஒரு துண்டு போதும். முழு மூட்டையையும் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

அப்படியே செய்தேன். வகைக்கு ஒரு டை, ஒரு கட்டை, அப்பா பிரஸ் அருகே நிற்கும் படம் ஒன்று. மீதி போய்விட்டது. இங்கிலாந்தின் பீங்கான் நகரமான ஸ்டோக்-ஆன்-ட்ரென்டிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. பாட்டில் வடிவச் சூளைகள் ஒருகாலத்தில் 2,000 வரை புகைந்த ஊர் அது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தபின் அவை அணைந்தன. இன்று ஐம்பதுக்கும் குறைவானவை நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. ஊர் அவற்றை மறக்கவில்லை. பிழைப்புக்கு அவற்றை நம்பியும் இல்லை.

பொருளை விடுவது சுலபம். கணக்கு நோட்டுதான் கடினம். வெளியூர் வியாபாரி ஒருவர் அப்பாவுக்குத் தர வேண்டிய பெரிய பாக்கி அதில் இருந்தது. விற்ற சரக்குக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் பொதுவாக 3 ஆண்டுகள்தான் தருகிறது. ஆகவே உங்களுக்கு வரவேண்டியது இருந்தால் அந்தக் காலத்துக்குள் எழுத்தில் கேளுங்கள், தேவைப்பட்டால் வக்கீலைப் பாருங்கள். பெருந்தன்மை என்ற பெயரில் உரிமையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். எல்லா வழியும் அடைபட்ட பிறகும் மனசு தினமும் வசூலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறதே, அதைத்தான் நிறுத்த வேண்டும்.

எப்போது நிறுத்துவது? இதற்குப் பட்டறை ஒரு விடை தருகிறது. சுடாத மண்ணில் கோணல் விழுந்தால் தண்ணீரில் கரைத்து மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் பாதி காய்ந்த துண்டைத் தொட்டியில் போட்டால் லேசில் கரையாது. நடுவில் கட்டியாகவே கிடக்கும். முழுக்கக் காய்ந்த துண்டு தண்ணீர் பட்டதும் பொலபொலவென உதிர்ந்துவிடும். துக்கமும் கோபமும் இப்படித்தான். ஈரம் இருக்கும்போதே “மறந்துடு” என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அழ வேண்டியதை அழுதுவிட்டு, சொல்ல வேண்டியதை ஒருவரிடமாவது சொல்லிவிட்டு, காயும்வரை பொறுங்கள்.

வேலைக்கு உதவாததை விடுவதில் மட்டும் தாமதம் கூடாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு பலமுறை வார்த்தபின் ஈரம் உறிஞ்சும் தன்மையை இழக்கும். பொம்மையின் கண்ணும் மூக்கும் மழுங்கும். அதன் சில்லுகள் மண்ணில் கலந்தால் சுட்ட பொருளும் வெடிக்கும். மூல உருவத்தைப் பத்திரப்படுத்தி, அச்சைத் தூக்கிப்போட வேண்டும். “பொம்பளைக்குச் சூளை சரிப்படாது” என்று உறவில் சிலர் சொன்னதை நான் அந்த மழுங்கிய அச்சுகளோடு சேர்த்துத்தான் கழித்தேன்.

காலியான சுவரோரத்தில் இப்போது கூழ்த் தொட்டியும் வண்ணம் தீட்டும் மேசையும் இருக்கின்றன. செராமிக் டிப்ளமோ தரும் அரசுக் கல்லூரி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே படித்த பெண் ஒருத்தி என்னோடு வேலை செய்கிறாள். மெருகுக் கலவையை எடை போட்டு எழுதிவைக்க அவளிடம்தான் கற்றேன். கார்த்திகைக்கான அகல்விளக்குகள் காய்கின்றன. அடுத்து ஐந்து முக விளக்கு வார்க்க வேண்டும். அதன் மூல உருவத்தை நானே செதுக்க ஆரம்பித்திருக்கிறேன்.