நாற்பது வயதுக்குப் பின் புதுத் தொழில் பழகுதல்

(இப்பாடம் கிராம மட்டக் குழுக்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கு உரியது. நடுவயதில் தொழிற்பயிற்சிக்குப் போகிறவரும் அவரது குடும்பத்தினரும் பயிற்சி நடத்துவோரும் சேர்ந்து வாசித்தால் நல்லது.)

1. நமது நிலைமையைப் பார்ப்போம்

தொழில் மாறுவது தலைமன்னாருக்குப் புதிதல்ல. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது, இறங்குதுறையைச் சுற்றிப் பலர் பிழைக்க வழி பிறந்தது. சுமை தூக்குவோர், புகையிரதப் பாதையில் வேலை செய்வோர், தேநீர்க் கடைக்காரர் எனப் பலர் கப்பலின் வரவை நம்பி வாழ்ந்தனர். 1964 டிசெம்பர் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் அதுவும் நின்றுபோனது. 1990இல் யுத்தத்தால் புகையிரதமும் நின்றது. அது மீண்டும் தலைமன்னாருக்கு வந்தது 2015 மார்ச் மாதத்தில்தான். இந்த இடைக்காலத்தில் ஒரு தலைமுறை வேறு தொழிலைத் தேட வேண்டியதாயிற்று.

யுத்தகாலத்தில் படகேறி இந்தியா சென்றவர்களையும் நினைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த ஆண்கள் பலர் கட்டடங்களுக்கு வர்ணம் பூசும் வேலைக்குப் போயினர். ஏணி ஏறியறியாத கடற்றொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். தெரிந்த ஒருவரோடு கூடப் போய், பார்த்து, செய்து அந்த வேலையைப் பழகினர்.

இன்றும் பலர் அதே நிலையில் நிற்கின்றனர். இந்திய இழுவைப் படகுகளால் வலைகள் அறுந்துபோகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் பல படகுகள் கரையிலேயே கிடந்தன. ஆகவே கடற்பாசி வளர்ப்பு, இயந்திரத் திருத்தம், மின்னிணைப்பு, மேசன் வேலை என்று எதையாவது பழகலாமா என நாற்பது, நாற்பத்தைந்து வயதினரும் கேட்கின்றனர். ஆனால் பயிற்சியில் சேரும் எல்லோரும் அதை முடிப்பதில்லை. ஏன்?

2. தடைகள் எவை?

முதலாவது வெட்கம். கடலில் நாலு பேருக்குத் தொழில் காட்டியவர், தன் மகன் வயதுடைய போதனாசிரியர் முன்னால் வாங்கில் இருக்க வேண்டியுள்ளது. பக்கத்தில் இருப்பது க.பொ.த. சாதாரண தரம் எழுதிவிட்டு வந்த பிள்ளை. ஒரு கேள்விக்குப் பிழையாக மறுமொழி சொல்லி வகுப்புச் சிரித்துவிட்டால், அடுத்த நாள் அவர் வரமாட்டார். கேட்டால் காய்ச்சல் என்பார்.

இரண்டாவது அன்றாடச் செலவு. பயிற்சிக்குப் போகும் நாளில் உழைப்பு இல்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணமும் நிற்கிறது. இந்தக் கணக்கை முதலிலேயே மனைவியோடு இருந்து பேசாதவர் இரண்டாம் வாரத்தில் தடுமாறுவார். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு இச்சுமை இரட்டிப்பு. பிள்ளைகளைப் பார்ப்பதற்கும் ஆள் வேண்டும்.

மூன்றாவது உடல் மாற்றம். நாற்பதைத் தாண்டியபின் பலருக்கு வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. அளவுக்கருவியின் சிறிய இலக்கமும், கையேட்டின் எழுத்தும் மங்கலாகத் தெரியும். “என் மூளைக்கு இது ஏறாது” என்று அவர் நினைக்கிறார். உண்மையில் வேண்டியது ஒரு கண்ணாடியாக இருக்கலாம்.

3. சிந்திப்போம்

வயது கூடக் கூடப் படிக்கும் ஆற்றல் போய்விடும் என்பது முழு உண்மையல்ல. அறிவாற்றலில் இரு வகை உண்டு என்று உளவியலாளர் ரேமண்ட் கட்டெல் 1963இல் விளக்கினார். முற்றிலும் புதிய ஒன்றை விரைவாகப் பிடித்துக்கொள்ளும் ஆற்றல் ஒரு வகை. வாழ்ந்து சேர்த்த அறிவைக் கொண்டு விளங்கிக்கொள்ளும் ஆற்றல் மற்றது. முதலாவது வயதோடு மெல்லக் குறைகிறது. இரண்டாவது நடுவயதிலும் அதற்குப் பின்னும் நிலைத்து நிற்கிறது. எனவே நடுவயதினருக்குக் கற்பிக்கும்போது அவர் ஏற்கனவே அறிந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

படகு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். போதனாசிரியர் கரும்பலகையில் படம் கீறித் தொடங்கினால், இருபது வருடம் எஞ்சின் ஓட்டியவரும் ஒன்றும் அறியாதவராகிவிடுவார். “நடுக்கடலில் எஞ்சின் நின்றால் முதலில் எதைப் பார்ப்பீர்கள், அண்ணே?” என்று கேட்டுத் தொடங்கினால் வகுப்பில் பேசாதவர் இருக்கமாட்டார். அவர்கள் கையால் அறிந்ததற்குப் பின்னர் படத்தில் பெயர் காட்டலாம். கடற்பாசி வளர்ப்பிலும் அப்படியே. நீரோட்டம் பார்ப்பது, கயிறு கட்டுவது, சோழகத்துக்கும் வாடைக்கும் இடம் மாற்றுவது நமது மக்களுக்குத் தெரிந்தவை. சரியான ஈரப்பதத்தில் காயவைப்பதும், செலவு வரவு எழுதுவதும் புதியவை. பயிற்சி நேரத்தை அங்கேயே கூடுதலாகச் செலவிட வேண்டும்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நடந்த அன்ரிகோனிஷ் இயக்கம் இதற்கு நல்ல சான்று. அங்குள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் 1928இல் ஒரு விரிவாக்கத் துறையைத் தொடங்கியது. அதன் பணிப்பாளரான மோசஸ் கோடி அடிகளார், வறுமையில் இருந்த மீனவரையும் விவசாயிகளையும் சிறு சிறு கற்றல் வட்டங்களாகச் சேர்த்தார். வளர்ந்தோர் மாலை வேளையில் அயலவர் வீட்டில் கூடி, தங்கள் மீனுக்கு ஏன் விலை இல்லை என்ற கேள்வியிலிருந்து படிக்கத் தொடங்கினர். அந்த வட்டங்களிலிருந்து கடன் சங்கங்களும் கூட்டுறவுகளும் பிறந்தன. அயலவரோடு இருந்து படித்ததால் வெட்கமும் குறைந்தது.

4. செயற்படுவோம்

பயிற்சிக்குப் போகிறவர்: சேர்வதற்கு முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் காலம் முழுவதற்குமான வீட்டுச் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஊரிலிருந்து தனியே போகாமல் இருவர் மூவராகச் சேருங்கள். அன்று படித்ததை அன்றிரவே வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் காட்டுங்கள். விளங்காததைத் தம்பியிடம் கேட்பதில் குறைவில்லை. அவர் கடலுக்கு வந்தால் உங்களிடம் கேட்பார்.

குடும்பத்தினர்: “இந்த வயதில் என்ன படிப்பு” என்ற சொல் வீட்டிலிருந்து வரக்கூடாது. முதல் மாதம் கடினமானது. அம்மாதத்தில் திருமணம், சடங்கு போன்ற செலவுகளை முடிந்தவரை தள்ளிவையுங்கள்.

பயிற்சி நடத்துவோர்: தொழில் குறைந்த பருவத்தைப் பார்த்து நாட்களைக் குறியுங்கள். கரைவலை இழுக்கும் காலத்தில் வகுப்பு வைத்துவிட்டு வரவு குறைகிறது என்று முறையிடுவதில் பயனில்லை. தேர்வைப் பெரும்பாலும் செய்முறையாக நடத்துங்கள்.

எல்லோரும் அறிய வேண்டிய ஒரு வழியும் உண்டு. நமது நாட்டின் தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஒரு வேலையை ஏற்கனவே செய்து பழகியவர், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறைப்படி, பயிற்சிநெறி முழுவதையும் மீண்டும் படிக்காமலே மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். மதிப்பீட்டாளர் அவரது வேலையைச் செய்முறையாகப் பார்த்து, போதிய தேர்ச்சி இருந்தால் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பார். சில பகுதிகளில் குறைவிருந்தால் அப்பகுதிகளை மட்டும் பழகிக்கொள்ளலாம். மேசன் வேலையோ மின்னிணைப்போ பல வருடம் செய்து கடதாசி இல்லாதவர்களுக்கும், இந்தியாவில் தொழில் பழகித் திரும்பியவர்களுக்கும் இது பயன்படும். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். விபரங்களைப் பிரதேச செயலகத்திலும், நைற்றா, தொழிற்பயிற்சி அதிகார சபை ஆகியவற்றின் அலுவலகங்களிலும் கேட்டறியலாம்.

5. குழுவில் கலந்துரையாட

அ. நமது ஊரில் நாற்பது வயதுக்குப் பின் தொழில் மாறியவர்கள் யார்? அவர்களுக்கு யார் துணைநின்றார்கள்?

ஆ. பயிற்சியைப் பாதியில் விட்டவர் ஒருவரைக் குறைகூறாமல் சந்தித்துக் காரணம் கேளுங்கள். அது வெட்கமா, செலவா, கண்ணா, வேறொன்றா?

இ. பயிற்சிக்குப் போகும் குடும்பத்துக்கு நமது சங்கம் முதல் மாதத்தில் என்ன உதவி செய்யலாம்? ஒரு முடிவை எடுத்து, பொறுப்பாளர் ஒருவரைக் குறித்து, அடுத்த கூட்டத்தில் அதன் நிலையைக் கேளுங்கள்.