மேய்ச்சல் காட்டுக்கு ஏற்ற புல்

மாடுகளை அவிழ்த்துவிட்டு மேய்க்க விரும்புவோர், தண்ணீர் பாய்ச்சி அறுத்துப் போடுவதற்கென்றே ஏற்பட்ட கம்பு நேப்பியர் போன்ற உயரப் புல்லை விடுத்து, காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காடுகள் எனும் மேய்ச்சல் நிலங்களில் பரம்பரையாக விளைந்துவரும் கொழுக்கட்டைப் புல்லை நாடுவதே உசிதம். வேரூன்றிவிட்டால் வறட்சியைச் சகித்து, குளம்புக்கும் வாய்க்கும் ஈடுகொடுத்து, ஒரு மழை கண்டதும் தூரிலிருந்து மீண்டும் தழைக்கும் குணம் அதற்கு உண்டு.

விதை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். புதிதாகப் பறித்த விதை உறக்கநிலையில் இருக்குமாதலால், 6 முதல் 8 மாதம் சேமித்துவைத்த பழைய விதையே நம்பகமானது. ஏக்கருக்கு ஏறக்குறைய 3 கிலோ போதும். மயிரிழைகள் சூழ்ந்த அவ்விதை காற்றில் பறந்துவிடும் என்பதால், ஈரமணலோடு பிசறி, புரட்டாசி மழை ஈரத்தில், நன்கு உழுத நிலத்தில் தூவி, முட்செத்தையை மேலாக இழுத்து மூடினால் போதும். ஒரு விரற்கடைக்குக் கீழே புதைந்த விதை முளைத்து வருவது துர்லபம்.

கூடவே முயல் மசால் எனும் பயறுவகைத் தீவனச் செடியைக் கலந்து விதைத்தால் மாட்டுக்குப் புரதமும் மண்ணுக்குத் தழைச்சத்தும் கிட்டும். அதன் விதைத்தோல் கடினமாகையால், 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிஷம் இட்டெடுத்து, பிறகு இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும்.

பச்சையைக் கண்டதும் மனம் பொறுக்காமல் மாட்டை ஓட்டிவிடாதீர்கள். வேர் பிடிக்காத புல் கடித்த இழுப்பில் தூரோடு வந்துவிடும். கையால் ஒரு தூரைப் பற்றி இழுத்துப் பாருங்கள்: இலை அறுந்து தூர் அசையாமல் நின்று, விதையும் ஒருமுறை முற்றி உதிர்ந்திருக்குமாயின், கிளுவை வேலியால் தடுத்த காடுகளில் மாற்றி மாற்றி மேய்க்கலாம்.