ஐ.சி.யூ. டூட்டிக்குப் போகும் மருமகளுக்கு

கயல்,

உன் அப்பன் நேற்று போன் பண்ணினான். "கழுதையை ஐ.சி.யூ.வில் போட்டிருக்கிறார்கள், நீதான் நாலு வார்த்தை சொல்லணும்" என்றான். குரலில் பாதி பெருமை, பாதி பயம். 2021இல் பிளஸ் டூ பரீட்சையே எழுதாமல் பாஸான கோஷ்டி நீ. ஆன்லைன் கிளாஸில் கேமராவை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு கிடந்த அந்த மே மாதத்தில் அத்தை கொரோனா வார்டில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கத்தான் தெம்பு இருந்தது. இப்போது சொல்கிறேன். புத்தியாக எடுத்துக்கொண்டாலும் சரி, கதையாக எடுத்துக்கொண்டாலும் சரி.

வார்டில் அடிக்கடி ஒரு பேச்சு காதில் விழும்: "டியூப் போட்டாச்சுன்னா அவ்வளவுதான்." கொரோனா காலத்தில் வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் சொன்னார்கள், எங்கள் ஆட்களே சிலர் சொன்னார்கள். அதற்குத் தோதாக 2020 ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து ஒரு கணக்கு வந்தது. வென்டிலேட்டரில் வைத்தவர்களில் 88 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள் என்று. கட்டுரையை நிதானமாகப் படித்தால் கதை வேறு. வென்டிலேட்டரில் வைத்தது 1,151 பேரை. இறந்தவர்கள் 282, வீடு திரும்பியவர்கள் 38. மீதி 831 பேர் கணக்கெடுத்த அன்று ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்கள். அவர்களைச் சேர்க்காமல் வகுத்ததில் வந்தது அந்த 88. அப்புறம் திருத்தினார்கள். ஆனால் திருத்தம் எந்த ஊரில் வேகமாக ஓடியிருக்கிறது? சாவு சீக்கிரம் வந்துவிடும் கயல், தேறுவதற்குத்தான் நாள் பிடிக்கும். அதனால் அவசரமாக எடுக்கிற கணக்கில் சாவுதான் பெரிதாகத் தெரியும். அதே வருஷம் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்து வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41 சதவீதம். சின்ன எண் இல்லைதான். இருந்தாலும் 41க்கும் 88க்கும் நடுவில் எத்தனை வீடு இருக்கிறது என்று நினைத்துப் பார். ஹேண்டோவர் கொடுக்கும்போது "ஏழாம் பெட் தேறாது" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. அப்படிச் சொல்லிவிட்டால் அந்தப் பெட்டுக்கு வாய் துடைப்பது அரை மணி தள்ளிப்போகும். அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெட் நம்பரையும் விடு, பேரைச் சொல்.

குப்புறப் படுக்கவைப்பது ஏதோ கொரோனாவுக்குக் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துக்கொள்ளாதே. 2013இலேயே பிரான்ஸ் டாக்டர்கள் காட்டியிருந்தார்கள்: நுரையீரல் மோசமாகக் கெட்டுப்போனவர்களை ஒரே தடவையில் 16 மணி நேரமாவது கவிழ்த்து வைத்ததில், 28 நாள் இறப்பு 33 சதவீதத்திலிருந்து 16க்கு இறங்கியது. முதுகுப் பக்கம் நசுங்கிக் கிடக்கும் நுரையீரல் விரிகிறது. புது மருந்து எதுவும் வேண்டாம், ஆள்தான் வேண்டும்.

ஆறேழு பேர் வேண்டும். தலைமாட்டில் அனஸ்தீசியா டாக்டர் டியூபைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்கு முன்னாலேயே நீ மூக்குக்குழாய் ஃபீடை நிறுத்தி, வயிற்றில் தங்கியதை உறிஞ்சி எடுத்து, கண்ணில் களிம்பு போட்டு இமையை டேப்பால் மூடி, நெஞ்சில் ஒட்டிய ஒயர்களை முதுகுக்கு மாற்றத் தயாராக இருக்க வேண்டும். டியூப் உதட்டுக்கிட்டே எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் விரிப்போடு சேர்த்து ஓரத்துக்கு இழுத்து, ஒருக்களித்து, கவிழ்க்க வேண்டும். கவிழ்த்ததும் எல்லோரும் மானிட்டரைப் பார்ப்பார்கள். நீ டியூபைப் பார். 22 என்று எழுதியது 22ஆகவே இருக்கிறதா? சாச்சுரேஷன் ஏறிவிட்டால் டாக்டர்கள் அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கப்புறம்தான் உன் வேலை. இரண்டு மணிக்கொரு தரம் முகத்தை மறுபக்கம் திருப்பணும், காது மடங்கிக் கிடக்கிறதா, கன்னம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கணும். உயிர் பிழைத்துப் போனவர் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் கன்னத்துத் தழும்பு தெரியக்கூடாது இல்லையா?

மருந்து விஷயத்தில் ஊரே பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கலாம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் ரெம்டெசிவிர் வாங்கக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ஜனம் வெயிலில் வரிசை கட்டி நின்றது. வென்டிலேட்டர் வரை போனவர்களை அது காப்பாற்றியதாக உறுதியான ஆய்வு எதுவும் சொல்லவில்லை. காப்பாற்றியது டெக்ஸாமெத்தசோன். எந்த மெடிக்கல் ஷாப்பிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பழைய ஸ்டீராய்டு. நான் சொன்னேனே அந்த பிரிட்டன் ஆய்வு, அதில் 2020 ஜூனில் தெரிந்தது: தினம் 6 மில்லிகிராம் கொடுத்ததில் 41 சதவீதம் 29 ஆனது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் மலிவானது நல்லது என்று தெரிந்ததும் வீட்டிலேயே முதல் நாளிலிருந்து விழுங்கியவர்களும் உண்டு. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிற உடம்பில் ஸ்டீராய்டும் சேர்ந்து, கரும்பூஞ்சை வந்து கண்ணையே இழந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. எந்த மருந்தை ஏற்றினாலும், யாருக்கு, எந்தக் கட்டத்தில், எத்தனை நாள் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேள். பொறுமை இல்லாதவர் முறைப்பார், முறைக்கட்டும்.

நினைவு திரும்புகிற நேரத்தில் நிறையப் பேர் தாறுமாறாகப் பேசுவார்கள். யாரோ கடத்திக்கொண்டு வந்து கட்டிப்போட்டதாக நினைப்பார்கள். பி.பி.இ. போட்டு, கண் மட்டும் தெரிய நாம் போய் நின்றால் வேறென்ன நினைப்பார்கள்? ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ராத்திரியெல்லாம் டியூபைப் பிடுங்கப் பார்த்தார். கட்டிலுக்கடியில் இருந்த பையில் அவர் மூக்குக்கண்ணாடி கிடந்தது. அதைத் துடைத்து மாட்டி, "சார், இன்றைக்கு வியாழக்கிழமை, மணி ஆறு, உங்கள் பெண் போனில் இருக்கிறாள்" என்றேன். கை தளர்ந்தது. அட்மிஷன் போடும்போதே கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றும் எங்கே என்று கேட்டு எழுதி வை. யாரும் உனக்கு இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கைதட்டி வீடியோ எடுப்பதோடு முடிந்தது என்றும் எண்ணாதே. பத்து நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தாலே தொடைத் தசை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது என்று கொரோனாவுக்கு முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் டம்ளரைத் தூக்க முடியாமல், சொந்த வாசற்படி ஏற முடியாமல், "பொழைச்சும் சுகமில்லையே" என்று அழுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டாரும் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு கடிந்துகொள்வார்கள். அதனால் முடிந்த நாளிலிருந்தே கையைக் காலை மடக்கி நீட்டிவிடு, கட்டில் ஓரத்தில் உட்கார வை. வீட்டாரிடம், மாசக்கணக்கில் ஆகும், திட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பு.

உன் கதைக்கு வருகிறேன். அந்த வெள்ளை ஃபேன்சி ஷூவை ஒரு நைட் டூட்டி போட்டுப் பார், காலையில் என் பேச்சு ஞாபகம் வரும். ஒரு சைஸ் பெரியதாக வாங்கு, சாயங்காலம் கால் வீங்கும். மோதிரமும் நீள நகமும் வார்டுக்கு வெளியே. சாப்பிடாமல் டூட்டிக்குப் போகாதே. நைட் முடிந்து ஸ்கூட்டி ஓட்டாதே, பஸ்ஸில் போ. ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்றாவது டோஸ் போட்டாயா, இல்லை வழக்கம்போல "போட்டுக்கலாம் அத்தை"யா? கார்டைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு.

உன் அத்தை