கேத்தலா, பிளக்கா?

கடந்த நோன்பில் ஒரு ஸஹர் நேரம். உம்மா தேநீருக்குக் கேத்தலைப் போட்டுவிட்டுக் கறியைச் சூடாக்கிக்கொண்டிருந்தா. திடீரென்று, "மகள், என்னமோ கருகுற மணம் வருது, என்னெண்டு பாருங்க" என்றா. கேத்தலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சுவரிலிருந்த பிளக் பொயின்ட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பு நிறமாக மாறியிருந்தது. சுவிட்சை நிறுத்திவிட்டுப் பிளக்கைத் தொட்டேன். கை வைக்க முடியாத சூடு!

"கேத்தல் பழசு. அதுதான் கரண்டைக் கூட இழுக்குது. புதுசு ஒண்டு எடுப்போம்" என்றார் வாப்பா. நானாவும் அதற்குச் சாட்சி சொன்னார். "அதே பொயின்ட்டிலதான் நான் நெடுகலும் ஃபோன் சார்ஜ் போடுறன். ஒரு நாளும் சுட்டதில்ல. பொயின்ட்டில பிழை இல்ல."

நியாயமான பேச்சாகவே பட்டது. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. சுபஹ் தொழுத பின் பௌதிகவியல் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கேத்தலின் அடியில் 230 வோல்ற்று, 2000 வாற்று என்று எழுதியிருந்தது. வலு என்பது வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. எனவே மின்னோட்டம் 2000 ÷ 230, அதாவது ஏறத்தாழ 8.7 அம்பியர். வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை. 230 ÷ 8.7 செய்தால் கேத்தல் சுருளின் தடை ஏறத்தாழ 26.45 ஓம்.

இங்கேதான் எங்கள் வகுப்பில் பலரும் தடுமாறும் இடம் வருகிறது. வலுவுக்கு வேறு இரண்டு சமன்பாடுகளும் உண்டு. வோல்ற்றளவின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கலாம். அல்லது மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கலாம். முதலாவதன்படி தடை குறைந்தால் வெப்பம் கூடும். இரண்டாவதன்படி தடை கூடினால் வெப்பம் கூடும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்லவா?

முரண் இல்லை. எது மாறாமல் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். வீட்டுச் சாதனங்கள் எல்லாம் சமாந்தரமாக இணைக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதே 230 வோல்ற்று. அங்கே தடை குறைந்ததே கூடிய வலு பெறும். 1000 வாற்றுக் கேத்தலின் தடை 52.9 ஓம், 2000 வாற்றுக் கேத்தலின் தடை அதில் பாதி. ஆனால் பிளக்கின் ஊசியும் பொயின்ட்டின் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடும் தொடும் இடம் கேத்தலுடன் தொடராக இருக்கிறது. தொடரில் எல்லாவற்றினூடாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம். அங்கே தடை கூடினால் வெப்பமும் கூடும்.

நல்ல தொடுகையின் தடை மிகச் சிறியது. தகடு தளர்ந்தாலோ, திருகாணி கழன்றாலோ அது உயரும். 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மொத்தத் தடை 26.95 ஓம். மின்னோட்டம் 230 ÷ 26.95, அதாவது 8.53 அம்பியர். தொடுகையில் பிறக்கும் வெப்பம் 8.53 × 8.53 × 0.5. விடை ஏறத்தாழ 36 வாற்று. ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சிறிய சோல்டரிங் அயனின் வலுவும் ஏறக்குறைய இவ்வளவுதான். அப்படியொன்றைப் பொயின்ட்டின் உள்ளே வைத்து மூடியது போலத்தான் இது.

நானாவின் சாட்சிக்கும் விடை கிடைத்தது. சார்ஜர் 10 வாற்று எடுக்கிறது என்றால் அதன் மின்னோட்டம் ஏறத்தாழ 0.043 அம்பியர்தான். கேத்தலின் மின்னோட்டம் அதைப்போல் கிட்டத்தட்ட 200 மடங்கு. வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவது. ஆகவே அதே தொடுகையில் பிறக்கும் வெப்பம் 200 மடங்கு அல்ல, கிட்டத்தட்ட 40,000 மடங்கு! சார்ஜர் போட்டபோது சுடவில்லை என்பதால் பொயின்ட் நல்லது என்று சொல்ல முடியாது. 1841 இல் யூல் என்ற அறிஞர் வெளியிட்ட விதி எங்கள் குசினிச் சுவருக்குள் நடந்துகொண்டிருந்தது.

என்னைப் பயப்படுத்தியது இன்னொரு விடயம். தொடுகை பழுதானபோது மின்னோட்டம் கூடவில்லை, 8.7 இலிருந்து 8.53 அம்பியராகக் குறைந்தது. உருகியும் மின்னுடைப்பானும் மின்னோட்டம் அளவு மீறினால்தான் சுற்றை வெட்டும். ட்ரிப் சுவிட்ச் மின் ஒழுக்கு இருந்தால்தான் விழும். இந்தப் பழுதில் இரண்டும் இல்லை. ஆகவே அவையெல்லாம் பேசாமல் இருக்க, பொயின்ட் கருகிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்தது உம்மாவின் மூக்குத்தான்.

கணக்கை வாப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு மின்னிணைப்பாளரை அழைத்தார். அவர் பிரதான சுவிட்சை நிறுத்திப் பொயின்ட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு திருகாணி தளர்ந்து, வயரின் நுனி கறுத்திருந்தது. புதிய பொயின்ட் பூட்டினார், பிளக்கையும் மாற்றினார். கேத்தல் இன்றும் அதேதான்.

தோழியரே, உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியிலும் இரண்டு எண்கள் இருக்கும். மின்னோட்டத்தையும் தடையையும் கணித்துப் பாருங்கள். அடுத்த முறை தண்ணீர் கொதித்ததும் சுவிட்சை நிறுத்தி, உலர்ந்த கையால் பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டால் அந்தப் பொயின்ட்டைப் பாவிக்காதீர்கள். நீங்களே கழற்றவும் வேண்டாம். தெரிந்தவரை அழைக்கச் சொல்லுங்கள். வீட்டில் நம்பாவிட்டால் கணக்கைக் காட்டுங்கள்.