விளக்கு பச்சை, நெட் மட்டும் இல்லை

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்துக்குத் தனியாகப் பதில் போடாமல் இந்தப் பத்தியிலேயே எழுதுகிறேன். மழை தொடங்கியதிலிருந்து இதே கேள்வி வேறு சில ஊர்களிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயரையும் கம்பெனிப் பெயரையும் விட்டுவிடுகிறேன். இது பல கம்பெனி இணைப்புகளிலும் வருகிற கோளாறுதான்.

ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் பார்த்தால் நெட் பெட்டியில் பவர் விளக்கும் பான் (PON) விளக்கும் பச்சையாக நிற்கின்றன, இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பு. கஸ்டமர் கேரில் ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள், செய்தும் பலனில்லை. பின்பக்கம் இருக்கிற ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்தலாமா என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்கிறான். இதுதானே விஷயம்?

பையனிடமிருந்து குண்டூசியை முதலில் வாங்கி வையுங்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் உங்கள் இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (கம்பெனி தன் லைனில் இணைப்புகளைப் பிரிக்க வைத்திருக்கும் எண்) எல்லாம் பெட்டியிலிருந்து அழிந்துபோகலாம். சில கம்பெனிகள் அவற்றைத் தங்கள் இடத்திலிருந்தே திரும்ப ஏற்றிவிடும். உள்ளூர் கேபிள்காரர் வழியாக வருகிற இணைப்பு என்றால் பெரும்பாலும் ஆள் வந்துதான் போட்டுத் தரவேண்டும். இதுவரை கோளாறு அவர்கள் பக்கம் மட்டும் இருந்திருக்கலாம், ரீசெட்டுக்குப் பிறகு உங்கள் பக்கமும் ஒன்று சேர்ந்துகொள்ளும்.

பான் விளக்கு நிலையாகப் பச்சையில் இருக்கிறது என்றால் ஃபைபர் நன்றாக இருக்கிறது, உங்கள் பெட்டியை கம்பெனிப் பக்கத்துக் கருவி அடையாளம் கண்டுகொண்டது என்று அர்த்தம். எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால்தான் ஒளி வரவில்லை என்று பொருள். அதற்கு லைன்மேன் வரவேண்டும், வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. (வயரைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.)

லைன் சரி. ஆனால் லைன் இருந்தால் மட்டும் உள்ளே விட்டுவிட மாட்டார்கள். பெட்டி தன் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் சொல்லி லாகின் ஆகவேண்டும். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் இதற்கு இருக்கிற முறை பிபிபிஓஇ. 1999-இல் வெளியான முறை அது, அதற்கு அடிப்படையான பிபிபி போன் லைனில் டயல் செய்து இணைந்த காலத்துச் சரக்கு. வீட்டுக்குள் கண்ணாடி இழை வந்துவிட்டது, வாசலில் இன்னும் டயல்-அப் காலத்துக் காவல்காரர்தான் நிற்கிறார். கம்பெனிகள் இதை விடாததற்குக் காரணம் உண்டு. யார் பணம் கட்டினார், யாருக்கு எந்த நேரத்தில் எந்த ஐபி முகவரி போனது என்ற கணக்கெல்லாம் அவர்களுக்கு இந்த லாகினில் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

இப்போது நீங்கள் பார்க்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வைஃபையில் இருந்தபடியே போன் பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வேறு எண் இருந்தால் அதை அடியுங்கள். உள்ளே நுழைகிற பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு, பெட்டிக்குள் நுழைய ஒன்று, கம்பெனியிடம் லாகின் ஆக ஒன்று என்று மொத்தம் மூன்று. நீங்கள் மாற்றிப் பார்த்ததாக எழுதியிருப்பது வைஃபை பாஸ்வேர்டை. அதற்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை.

உள்ளே ஸ்டேட்டஸ் என்ற பகுதியில் வான் (WAN) என்று இருக்கும். அதில் எழுதியிருப்பதை அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். டைம் அவுட், நோ ரெஸ்பான்ஸ் என்கிற மாதிரி இருந்தால் பெட்டி கூப்பிட்டது, யாரும் பதில் சொல்லவில்லை. விலான் எண் அழிந்திருக்கலாம், அல்லது அவர்கள் சர்வர் பக்கம் ஏதோ பழுது. ஆத்தென்டிகேஷன் ஃபெயில் என்று இருந்தால் பதில் வந்தது, அந்தப் பதில் 'முடியாது' என்பது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் நேரடியாக டயல் செய்கிறவர்களுக்கு இதுவே 691 என்ற எண்ணாக வரும். முடியாது என்று சொல்லவாவது ஆள் இருக்கிறது அல்லவா? அப்படியென்றால் லைன், விலான் எல்லாம் ஒழுங்கு, சிக்கல் உங்கள் கணக்கில்.

பணம் கட்டிவிட்டேன் என்கிறீர்கள், நம்புகிறேன். யாரிடம் கட்டினீர்கள்? கேபிள்காரர் கையில் கொடுத்திருந்தால் அவர் தன் போர்ட்டலில் ரீசார்ஜ் போட்டாரா என்று கேளுங்கள். கல்யாண சீசனில் மறந்துபோவதும் நடக்கும்.

அதுவும் சரி என்றால், கரண்ட் போனதால் உங்களுக்கு நடந்திருக்கக்கூடியது இதுதான். பெட்டி முறைப்படி விடைபெறாமல் அணைந்துவிட்டது. லாட்ஜில் சாவியைக் கொடுக்காமல் கிளம்பிப் போனவர் பெயரில் அறை இன்னும் பதிவேட்டில் இருப்பது மாதிரி, சர்வரில் உங்கள் பழைய செஷன், அதாவது முந்தைய லாகின், உயிரோடு இருக்கிறது. ஒரு கணக்குக்கு ஒரு லாகின்தான் என்பது பெரும்பாலான கம்பெனிகளின் சட்டம். ஆகவே உங்கள் பெயரிலேயே உங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். சர்வர் அவ்வப்போது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் அந்தப் பழைய செஷனை மூடும். அதற்கு அவகாசம் வேண்டும். பெட்டியை அணைத்து ஒரு அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். தட்டித் தட்டிப் போடுவதால் பலன் இல்லை. அடுத்தடுத்துத் தவறிய லாகின்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கிற சர்வர்களும் உண்டு.

உங்கள் மகன் வாங்கிக் கொடுத்த புது ரூட்டர் அட்டைப்பெட்டியோடு கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு அதைப் பிரிக்கவேண்டாம். சில கம்பெனிகள் பழைய கருவியின் மேக் முகவரியோடு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) கணக்கைக் கட்டி வைத்திருக்கும். புதுக் கருவியிலிருந்து யூசர்நேமைச் சரியாகப் போட்டாலும் உள்ளே விடமாட்டார்கள், மேக்கை ரிலீஸ் செய்யச் சொல்லிக் கேட்கவேண்டும். பழைய பெட்டி, புது ரூட்டர் இரண்டும் ஒரே யூசர்நேமில் டயல் செய்தாலும் சில சர்வர்களில் ஒன்றை ஒன்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

அரைமணி நேரத்துக்குப் பிறகும் வரவில்லையென்றால் கஸ்டமர் கேரை அழையுங்கள். 'நெட் வரல' என்று மட்டும் சொன்னால் மறுபடி ரீஸ்டார்ட் பாட்டுத்தான். 'பான் விளக்கு பச்சை, வான் பக்கத்தில் ஆத்தென்டிகேஷன் ஃபெயில் என்று வருகிறது, பழைய செஷனை கிளியர் பண்ணுங்கள், மேக் பைண்டிங் இருக்கிறதா பாருங்கள்' என்று சொல்லுங்கள். அவர்கள் திரையில் இது பெரும்பாலும் சில நிமிட வேலை. புகாருக்கு டாக்கெட் எண் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டுப் புகார் தீர்வு விதிமுறைகளின்படி அதைத் தருவது அவர்கள் கடமை. தீர்க்காவிட்டால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. டாக்கெட் எண் இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தில் எழுத உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஆள் வந்து சரிசெய்தால், அவர் கிளம்புவதற்கு முன் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யூசர்நேமில் @ குறிக்குப் பின்னால் வருவதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். பாஸ்வேர்டில் இருப்பது சைபரா, ஓ எழுத்தா என்பதையும் கேட்டுவிடுங்கள். கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அன்புடன்,
பத்தி எழுதுகிறவன்